குவாத்தமாலாவில் ஸ்பானிஷ்: குடும்பத்தோடு தங்குவதா, தனி அறை எடுப்பதா?

கேட்டது இதுதான்: மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு கிடைத்திருக்கிறது, குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகரத்துக்குப் போய் ஸ்பானிஷ் படிக்கப் போகிறேன், பள்ளியில் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கச் சொல்கிறார்கள், நான் சைவம், கூச்சப்படுகிற ஆள் வேறு, பேசாமல் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டால் என்ன?

குடும்பத்தோடு தங்குங்கள். ஆனால் பணம் கட்டும் முன் ஒரு விஷயத்தை மட்டும் விசாரித்துவிடுங்கள்: அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் உங்களோடு உட்காரப் போவது யார்? அறை எப்படி, வைஃபை எப்படி, பள்ளி எத்தனை தெரு தள்ளி என்பதெல்லாம் அப்புறம். ஆன்டிகுவா நடந்தே சுற்றிவிடக்கூடிய சின்ன ஊர். அறையும் எப்படியும் உங்களுக்கென்று தனியாகத்தான் தருவார்கள், பூட்டும் சாவியும் இருக்கும். கூச்சப்படுகிறவர் கதவைச் சாத்திக்கொள்ள வசதி உண்டு என்பதால் அந்தக் கவலையை இப்போதே விட்டுவிடலாம்.

மேசையை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அங்கே வகுப்பு நடக்கிற விதம் அப்படி. ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர். காலை எட்டு மணிவாக்கில் ஆரம்பித்து நண்பகல் வரை, முற்றத்திலோ தோட்டத்திலோ ஒரு சின்ன மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, வாரத்தில் ஐந்து நாள். நான்கு மணி நேரம் ஒரே ஆள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், கடைசி பெஞ்சில் போய் ஒளிய வழியே கிடையாது. ஸ்பெயினில் இப்படித் தனி வகுப்பு எடுத்தால் கட்டுப்படியாகாது, அங்கே பெரும்பாலும் குழு வகுப்புதான். அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஆட்கள் ஆன்டிகுவாவைத் தேடி வருவதே இதற்காகத்தான். ஆனால் அந்த ஆசிரியர், 'சென்யோ' என்று கூப்பிடுவார்கள், காலம் முழுக்க வெளிநாட்டுக்காரர்களோடு பேசிப் பழகியவர். நீங்கள் வாக்கியத்தைப் பாதி சொல்லும்போதே மீதியை ஊகித்துவிடுவார், உங்களுக்குத் தெரிந்த சொற்களை வைத்தே பேச்சை ஓட்டிவிடுவார். வகுப்பில் அருமையாகப் பேசுகிற ஆள் சந்தையில் அரைக் கிலோ தக்காளி வாங்க முடியாமல் முழிப்பது அதனால்தான். வீட்டு மேசையில் அந்தச் சலுகை கிடையாது. அம்மாவும் மகளும் மின்கட்டணத்தைப் பற்றி வாய் நிறையச் சாப்பாட்டோடு பேசுவார்கள், தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும், நடுவில் தாத்தா எதையோ கேட்பார், எல்லோரும் சிரிப்பார்கள். முதல் வாரம் ஒன்றும் புரியாது. மூன்றாவது வாரம் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பிடிபடும். நமக்குத் தேவையான காது அங்கேதான் தயாராகிறது.

கணக்கும் போட்டுப் பாருங்கள். மூன்று மாதம் என்றால் 12 வாரம், வாரம் 20 மணி நேரம், ஆக 240 மணி நேர வகுப்பு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்க ஒதுக்குகிற காலம் முழுநேரமாக 24 முதல் 30 வாரம் வரை, அதுவும் தேர்ந்தெடுத்த ஆட்களுக்கு. 240 மணி நேரத்தில் சரளம் வராது, யார் விளம்பரம் செய்தாலும் நம்ப வேண்டாம். ஆனால் அதோடு ஒரு நாளைக்கு மூன்று வேளை மேசைப் பேச்சும் சேர்ந்தால், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரோடு ஊர்க்கதை பேசுகிற அளவுக்கு வந்துவிடலாம். தனி அறை எடுத்து, மத்தியானம் கஃபேயில் மடிக்கணினியோடு உட்கார்ந்தால் அந்த இரண்டாவது பாதி கிடைக்காது, ஏனென்றால் ஆன்டிகுவாவின் நடு ஊரில் கடைக்காரர் உங்களைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். சுற்றுலா ஊர், அவரைக் குறை சொல்லி என்ன?

சரி, விசாரிப்பது எப்படி. பள்ளிக்கு எழுதும் மின்னஞ்சலில் வளைத்துக் கேட்க வேண்டாம், நேராகவே கேளுங்கள். அந்த வீட்டில் ஒரே சமயத்தில் எத்தனை மாணவர்கள் தங்குவார்கள்? குடும்பத்தார் மாணவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்களா, இல்லை பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுவார்களா? குழந்தைகளோ பெரியவர்களோ வீட்டில் உண்டா? முதல் கேள்விதான் முக்கியம். சில வீடுகள் பெயருக்குத்தான் குடும்பம், உண்மையில் ஒரு சின்ன விடுதி. நான் ஆன்டிகுவாவில் முதலில் இருந்த வீடு அப்படி, மேசையைச் சுற்றி அமெரிக்கர்களும் ஜெர்மன்காரர்களும், காலை உணவு முழுக்க ஆங்கிலத்தில் எரிமலை ஏறுகிற பேச்சு, வீட்டம்மா தட்டை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போய்விடுவார். நல்ல மனிதர், சாப்பாடும் ருசி, ஆனால் காசு கொடுத்துவிட்டு ஆங்கிலம் பேச அவ்வளவு தூரம் போவானேன். இரண்டு மாணவருக்கு மேல் இருக்கிற வீடு வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். இன்னொருவர் இருந்தே ஆக வேண்டும் என்றால் அவர் ஜப்பான்காரராகவோ கொரியாக்காரராகவோ இருந்தால் உத்தமம், இருவருக்கும் ஸ்பானிஷைத் தவிர வேறு வழி இருக்காது.

இன்னொன்றும் கேட்கலாம், நாங்கள் கட்டும் வாரப் பணத்தில் குடும்பத்துக்கு எவ்வளவு போகிறது என்று. பல இடங்களில் ஒரு பகுதிதான் போகும். அதை மறைக்காமல் சொல்கிற பள்ளிக்காரர்கள் வீடுகளையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வார்கள் என்பது என் அனுபவம். மூன்று வேளை சமைத்து, படுக்கை விரிப்பு மாற்றி, நம் தப்பும் தவறுமான பேச்சைப் பொறுமையாகக் கேட்பது அந்த அம்மாவின் பிழைப்பு. அதை மனதில் வைத்துக்கொண்டால் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது தன்னாலேயே விளங்கும்.

ஊரையும் ஒருமுறை யோசியுங்கள். ஆன்டிகுவா அழகுதான், ஒரு காலத்தில் தலைநகரமாக இருந்து, 1773 நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்தப் பதவியை வேறிடத்துக்கு விட்டுக்கொடுத்த ஊர், இடிந்த தேவாலயங்களும் கல் பாவிய தெருக்களுமாக யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, தெற்கே அகுவா எரிமலை, மேற்கே அகாதெனாங்கோவும் புகைந்துகொண்டே இருக்கும் ஃபுவேகோவும். ஆனால் ஆங்கிலமும் அதிகம். மேற்கு மலைநாட்டில் கெட்சால்தெனாங்கோ இருக்கிறது, எல்லோரும் ஷேலா என்றுதான் சொல்வார்கள், நாட்டின் இரண்டாவது முக்கிய நகரம், சுற்றுலா குறைவு, செலவும் குறைவு. அங்கே வீட்டுக்கு வெளியேயும் ஸ்பானிஷ்தான். கஷ்டம் என்னவென்றால் குளிர். கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேலே, வீடுகளில் சூடேற்றி கிடையாது, டிசம்பர் இரவில் மூன்று கம்பளி போர்த்தியும் மூக்கு சில்லிடும். எனக்கு ஷேலாதான் பிடித்தது. உங்கள் மூன்று மாதத்தில் முதல் மாதம் ஆன்டிகுவா, மீதி இரண்டு மாதம் ஷேலா என்று பிரித்துக்கொண்டால் தப்பில்லை.

அதித்லான் ஏரிக்கரையில் சான் பெத்ரோ லா லகூனாவையும் நிறையப் பேர் பரிந்துரைப்பார்கள். மலிவு, ஏரியைப் பார்த்தபடி வகுப்பு, எல்லாம் உண்மை. ஆனால் அங்கே வீட்டுக்குள் பேசுகிற மொழி ஸ்பானிஷ் அல்ல, ட்ஸுதுஹில் என்ற மாயா மொழி. குவாத்தமாலாவில் மாயா மொழிகள் மட்டும் 22. அந்த வீட்டம்மா உங்களோடு ஸ்பானிஷில் பேசுவார், அவருக்கும் அது படித்து வந்த மொழி என்பதால் நிதானமாகத் தெளிவாகப் பேசுவார், புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது வரம். ஆனால் மேசையில் அம்மாவும் மகளும் தங்களுக்குள் பேசுவது ஒன்றும் ஸ்பானிஷாக இருக்காது, ஒட்டுக்கேட்டுக் கற்க எதுவும் கிடைக்காது. முதல் இரண்டு வாரத்துக்குப் போகலாம், மூன்று மாதத்துக்கு வேண்டாம்.

வீட்டு நடைமுறைகளில் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது பீலா. குவாத்தமாலா வீட்டு முற்றங்களில் சிமெண்டில் கட்டிய ஒரு பெரிய தொட்டி இருக்கும், நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் துவைக்கிற கல்லையும் ஒட்டவைத்த மாதிரி. நடுவில் ஆழமாகத் தண்ணீர் நிற்கும், இரண்டு பக்கமும் சாய்வான மேடை, ஒரு பக்கம் பாத்திரம் கழுவ, மறுபக்கம் துணி துவைக்க. நடுத்தொட்டித் தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தால் மொண்டு பக்கத்து மேடையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். சோப்புக் கையையோ எச்சில் தட்டையோ நடுத்தொட்டிக்குள் விடவே கூடாது. தண்ணீர் நிற்கிற நாளில் வீடு முழுவதும் நம்பியிருப்பது அந்தத் தொட்டியைத்தான். சாப்பிட்ட தட்டை பீலாவுக்கு எடுத்துப்போய்க் கழுவ முன்வாருங்கள், பெரும்பாலும் 'வேண்டாம், விடுங்கள்' என்பார்கள், இரண்டாம் வாரம் விட்டுவிடுவார்கள். பாத்திரம் கழுவுகிற அந்தப் பத்து நிமிடம் பக்கத்தில் நிற்பவரோடு பேசக் கிடைக்கிற அருமையான நேரம், ஏனென்றால் கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டியதில்லை. கூச்ச சுபாவம் என்றீர்களே, உங்களுக்கு இதுதான் ஆரம்ப இடம்.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பெரிய கேனில் வருவதைத்தான் குடிக்க வேண்டும். கழிவறைக் காகிதத்தைக் கோப்பைக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும். குளியலறையில் தண்ணீர் வருகிற குமிழிலேயே மின்சாரச் சூடேற்றி பொருத்தியிருப்பார்கள், குழாயை நிறையத் திறந்தால் குளிர்ந்த நீர், கொஞ்சமாகத் திறந்தால் வெந்நீர், ஈரக் கையால் அந்தக் குமிழைத் தொடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான வீடுகளில் மாணவர்களுக்குச் சாப்பாடு கிடையாது, அது அவர்களுடைய விடுமுறை. சாப்பிட வரமாட்டீர்கள் என்றால் காலையிலேயே சொல்லிவிடுங்கள், சமைத்து வைத்துவிட்டுக் காத்திருக்க விடாதீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டில் சரவெடி வெடித்தால் பயப்பட வேண்டாம், யாருக்கோ பிறந்தநாள்.

இனி மேசை மரியாதை. வீட்டம்மாவைப் பெயருக்கு முன்னால் 'தோன்யா' சேர்த்தும் ஐயாவை 'தோன்' சேர்த்தும் கூப்பிடுங்கள், வெறும் பெயர் வேண்டாம். பேசும்போது 'உஸ்தெத்', அதாவது நம்முடைய 'நீங்கள்'. பாடப் புத்தகங்கள் சொல்லித்தருகிற 'தூ'வை அங்கே அவ்வளவாகக் கேட்க மாட்டீர்கள், நெருங்கிய நண்பர்களுக்குள் 'வோஸ்', மற்றபடி எல்லாவற்றுக்கும் 'உஸ்தெத்', சில வீடுகளில் அம்மா தன் பிள்ளையையே அப்படித்தான் அழைப்பார். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதில் திணறுவார்கள், நமக்கு யாரிடம் எதைப் பயன்படுத்துவது என்பது ரத்தத்திலேயே இருக்கிறது. சாப்பிட்டு முடித்து எழுந்திருக்கும்போது 'மூச்சாஸ் கிராசியாஸ்' என்று மேசையில் இருக்கிற எல்லோருக்கும் சொல்ல வேண்டும், எல்லோரும் 'புவென் புரோவேச்சோ' என்பார்கள். சமைத்தவர் மட்டுமல்ல, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரும் சொல்வார். இதைச் சொல்லாமல் எழுந்து போனால் யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல மாட்டார்கள், மனதுக்குள் வளர்ப்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் 'ஃபீஹேசே கே...' என்று யாராவது இழுத்து ஆரம்பித்தால் ஏதோ ஒன்று நடக்கவில்லை என்று அர்த்தம்: வெந்நீர் இல்லை, பேருந்து வராது, சலவைத் துணி இன்னும் காயவில்லை. முகத்தில் அடித்தாற்போல 'இல்லை' என்று சொல்வது அந்த ஊர் வழக்கம் இல்லை.

சைவத்துக்கு வருகிறேன். கஷ்டம் இல்லை, ஆனால் சொல்கிற விதத்தில் சொல்ல வேண்டும். 'கார்னே சாப்பிட மாட்டேன்' என்று மட்டும் சொன்னால் அன்று மத்தியானமே கோழி வரும், கார்னே என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கார்னே வேண்டாம், போயோ என்கிற கோழி வேண்டாம், பெஸ்காதோ என்கிற மீன் வேண்டாம் என்று வரிசையாகச் சொல்லுங்கள், பள்ளிக்கும் முன்கூட்டியே எழுதுங்கள். அதற்குப் பிறகும் இரண்டு ஒளிந்திருக்கும்: கறுப்பு பீன்ஸை வறுத்துக் குழைக்கப் போடுகிற பன்றிக் கொழுப்பு, சோற்றிலும் சூப்பிலும் கரைக்கிற கோழிச் சாற்றுத் தூள். அதைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிறவர் என்றால் எண்ணெயில் செய்யச் சொல்லி முதல் நாளே கேட்டுவிடுங்கள், பல வீடுகளில் ஏற்கெனவே எண்ணெயில்தான் செய்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் சிவப்பு விளக்கு எரிகிற வீடுகளில் தமால் விற்பார்கள், இலையில் பொதிந்து வேகவைத்த சோள மாவுக் கொழுக்கட்டை, ஆனால் உள்ளே அநேகமாகக் கோழியோ பன்றியோ இருக்கும்.

அதைத் தாண்டினால் சைவக்காரருக்கு நல்ல நாடு அது. காலையில் கறுப்பு பீன்ஸ், வறுத்த நேந்திரம் மாதிரி வாழைப்பழம், முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் முட்டை, புதுப் பாலாடைக்கட்டி. மத்தியானம்தான் பெரிய சாப்பாடு, ராத்திரி லேசாக முடித்துவிடுவார்கள். ஹுயிஸ்கில் என்று ஒரு காய் வாரத்துக்கு மூன்று நாள் வரும், பார்த்ததும் சிரிப்பு வந்துவிடும், நம்முடைய சௌசௌதான், அதன் பூர்வீகமே அந்தப் பக்கம். மூன்று வேளையும் தொர்த்தியா, சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்துக் கையால் தட்டிச் சுட்டது, துணியில் சுற்றிக் கூடையில் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு துணியை மறுபடி மூடிவிட வேண்டும், திறந்து வைத்தால் மற்றவர்களுக்கு ஆறிப்போய்விடும். காரம் குறைவு என்று தோன்றினால் மேசையில் தனியாக மிளகாய் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வெளிநாட்டுக்காரர் காரம் சாப்பிடுவதைப் பார்க்கவே கூட்டம் கூடும்.

சமையலறையில் நீங்கள் பதிலுக்கு ஒன்று செய்யலாம். ஏலக்காய் போட்டு டீ போட்டுக் கொடுங்கள். உலகத்திலேயே அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்கிற நாடு குவாத்தமாலா, கோபான் பக்கத்து மலைகளில் விளைகிறது, விதை போன நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து போனது. ஆனால் விளைவதில் பெரும்பகுதி அரபு நாடுகளுக்குக் கப்பலேறிவிடும், உள்ளூர்க்காரர்கள் சமையலில் சேர்ப்பதே அபூர்வம், பலருக்கு அது எதற்கு என்றே தெரியாது. போடிநாயக்கனூர் ஏல மையத்தைப் பற்றியும் குமுளி மலையைப் பற்றியும் உடைந்த ஸ்பானிஷில் விளக்க ஆரம்பித்தால் ஒரு முழு ராத்திரிச் சாப்பாடு ஓடிவிடும். பரிசுப் பொருளை விட இது உபயோகம். அதோடு உங்கள் வீடு, தெரு, அம்மா, பாட்டி, பள்ளிக்கூடம் என்று பத்துப் புகைப்படங்களைக் காகிதத்தில் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். கைபேசியில் காட்டினால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள், காகிதப் படம் மேசையில் கிடக்கும், ஆளுக்கொன்றாக எடுத்துக் கேள்வி கேட்பார்கள்.

மேசைப் பேச்சை வகுப்போடு முடிச்சுப் போடுவதுதான் இதில் உள்ள சூட்சுமம். காலை வகுப்பில் மத்தியானம் கேட்கப்போகிற இரண்டு மூன்று கேள்விகளை சென்யோவோடு சேர்ந்து தயாரியுங்கள். மேசையில் காதில் விழுந்து புரியாமல் போனதைச் சின்ன நோட்டில் ஒலி எப்படியோ அப்படியே தமிழில் எழுதிவையுங்கள், மறுநாள் அவரிடம் காட்டுங்கள், படித்துக் காட்டினால் அவருக்கு என்ன சொல் என்று தெரிந்துவிடும். தமிழ் எழுத்து இதற்கு நன்றாகவே உதவும். ஸ்பானிஷில் ஐந்தே உயிரொலி, அ எ இ ஒ உ என்று எழுதினபடியே உச்சரிப்பு, ஆங்கிலம் மாதிரி வழுக்காது. சொல்லின் நடுவில் வருகிற அவர்களுடைய 'd' நம் 'அது', 'இது'வில் வருகிற மாதிரி மென்மையாகவே ஒலிக்கும், 'ஞ' நமக்கு இருக்கிறது, நாக்கு உருட்டுகிற 'ர' பெரும்பாலோருக்கு வந்துவிடும். அமெரிக்கர்கள் மாதக்கணக்கில் கஷ்டப்படுகிற இடத்தில் நாம் முதல் வாரத்திலேயே பாராட்டு வாங்குவோம். அதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள், உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்பதால் எல்லாம் புரிகிறது என்று நினைத்து வேகமாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், 'மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபாவோர்', மெதுவாகச் சொல்லுங்கள் என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

எந்தக் கேள்வியைக் கேட்பது? வயதானவர் வீட்டில் இருந்தால் 1976 நிலநடுக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். பிப்ரவரி 4, விடியற்காலை மூன்று மணி, ஏறத்தாழ 23,000 பேர் இறந்தார்கள், மண்சுவர் வீடுகள் தூங்கியவர்கள் மேலேயே விழுந்தன. அறுபது வயது தாண்டிய யாருக்கும் அன்று தாங்கள் எங்கே படுத்திருந்தோம் என்பது நினைவிருக்கும். ஸ்பானிஷில் நம்மை வாட்டுகிற விஷயம் இறந்தகாலம் இரண்டு விதமாக இருப்பது, நடந்துகொண்டிருந்ததற்கு ஒன்று, நடந்து முடிந்ததற்கு ஒன்று. பயிற்சி ஏட்டில் கோடிட்ட இடத்தை நிரப்பி நிரப்பிப் பார்த்தும் வராது. அந்தப் பாட்டி சொல்வார்: 'எஸ்தாபாமோஸ் துர்மியெந்தோ', தூங்கிக்கொண்டிருந்தோம், குளிராக இருந்தது, நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன, இதெல்லாம் முதல் வகை. அப்புறம் 'தெம்ப்லோ', நிலம் ஆடியது, அப்பா கத்தினார், சுவர் விழுந்தது, நான் ஓடினேன், இதெல்லாம் இரண்டாவது வகை. கதை கேட்கிற அந்தக் கால் மணி நேரத்தில் இலக்கணம் காதுக்குள் போய் உட்கார்ந்துவிடும். மறுநாள் வகுப்பில் அதே கதையை நீங்கள் சென்யோவுக்குச் சொல்லுங்கள்.

கேட்கக் கூடாததும் உண்டு. 1960 முதல் 1996 வரை அங்கே உள்நாட்டுப் போர் நடந்தது, கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் இரண்டு லட்சத்துக்கு மேல், பெரும்பாலோர் மாயா மக்கள் என்று உண்மை கண்டறியும் ஆணையமே சொன்னது. அந்த மேசையில் இருக்கிற யாருக்கு யார் காணாமல் போனார் என்று நமக்குத் தெரியாது, யார் எந்தப் பக்கம் இருந்தார் என்றும் தெரியாது. அவர்களாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் போய் உட்கார்ந்திருக்கிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, நம் ஆட்களுக்கு மட்டுமே வருகிற சங்கடம். எந்த நாடு என்று கேட்டால் 'இந்தியோ' என்று சொல்லிவிடாதீர்கள். அது அங்கே பழங்குடி மக்களை இழிவாகச் சொல்லப் பயன்படுத்துகிற வசைச்சொல். 'சோய் தே லா இந்தியா', இந்தியாவிலிருந்து வருகிறேன் என்று சொன்னால் போதும். அவர்கள் உங்களை 'இந்து' என்று சொல்வார்கள், நீங்கள் கிறிஸ்தவராக இருந்தாலும் முஸ்லிமாக இருந்தாலும் அப்படித்தான், லத்தீன் அமெரிக்காவில் அது நாட்டைக் குறிக்கிற வழக்கு, மதத்தைக் கேட்கவில்லை.

குடும்பம் வேண்டாம் என்று நானே சொல்கிற ஒரு சந்தர்ப்பமும் இருக்கிறது. விடுப்பு என்பது பெயருக்குத்தான், ராத்திரி உட்கார்ந்து சென்னை அலுவலகத்துக்கு வேலை பார்க்க வேண்டியிருக்கும் என்றால் தனி அறையே எடுங்கள். குவாத்தமாலா நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால். சென்னையில் காலை பத்து மணிக் கூட்டம் என்றால் அங்கே முந்தின ராத்திரி பத்தரை. விடிய விடியப் பேசிவிட்டுக் காலை ஏழு மணிக்கு பீன்ஸ் தட்டுக்கு முன்னால் தூங்கி விழுவீர்கள், சுவர்கள் மெல்லியவை, வீட்டாருக்கும் தொந்தரவு. வேலை இல்லாவிட்டாலும் வீட்டுக்குப் பேசுகிற நேரத்தைக் கவனியுங்கள். ஊரில் அம்மா காலையில் ஏழு மணிக்குக் கூப்பிட்டால் அது அங்கே ராத்திரிச் சாப்பாட்டு வேளை. அந்த அழைப்பைக் காலை ஆறரைக்கு மாற்றுங்கள், ஊரில் அப்போது சாயங்காலம் ஆறு.

போய்ச் சேர்ந்த வீடு ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளத் தயங்க வேண்டாம். வாரக் கணக்கில்தான் பணம் என்பதால் வெள்ளிக்கிழமை பள்ளியில் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வேறு வீடு கிடைத்துவிடும், இது அவர்களுக்குச் சாதாரணம். வீட்டம்மாவிடம் குறை சொல்ல வேண்டியதில்லை, நன்றி சொல்லி ஒரு கேக் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். ஆனால் 'பேச்சு புரியவில்லை, தனியாக உணர்கிறேன்' என்பது முதல் வாரத்தில் எந்த வீட்டிலும் இருக்கும், அதற்காக மாற்றாதீர்கள். யாரும் மேசையில் உட்காரவில்லை, வீட்டில் ஆங்கிலம் ஓடுகிறது, பாதுகாப்பாகத் தோன்றவில்லை, இந்த மூன்றுக்கும் மாற்றுங்கள். கடைசிக் காரணத்துக்கு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவும் வேண்டாம்.

விமானத்தைப் பொறுத்தவரை அமெரிக்கா வழியாகப் போனால் விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் இந்தியக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும், அது கையில் இல்லையென்றால் ஐரோப்பா வழி பாருங்கள், மாட்ரிட்டிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, அங்கே மாறிப் போகும் விதியையும் குவாத்தமாலா விசாவையும் டிக்கெட் எடுக்கும் முன் தூதரகங்களில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குவாத்தமாலாவில் கொடுக்கிற 90 நாள் குவாத்தமாலா, எல் சல்வதோர், ஹோண்டுராஸ், நிகராகுவா என்று நாலு நாட்டுக்கும் சேர்த்த கணக்கு, பக்கத்து நாட்டுக்குப் போய்வந்தால் புதுசாக ஆரம்பிக்காது. மே முதல் அக்டோபர் வரை மழை, மத்தியானத்துக்கு மேல் கொட்டும், காலை வகுப்புக்கு இடைஞ்சல் இல்லை, வீடுகளும் காலியாகக் கிடைக்கும், மழை பெய்கிற சாயங்காலத்தில் வீட்டார் எங்கும் போகாமல் மேசையைச் சுற்றியே இருப்பார்கள். ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தை ஒட்டிப் போவதானால் இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே வீட்டைப் பிடித்துவிட வேண்டும், ஆன்டிகுவாவில் இடமே இருக்காது, விலையும் ஏறிவிடும். ஆனால் வண்ண மரத்தூளில் தெரு முழுக்கக் கம்பளம் போடுகிற அந்த ராத்திரியில் குடும்பத்தோடு இருக்கிற மாணவரையும் இழுத்து முட்டி போட வைத்து, கையில் சல்லடையைக் கொடுத்துவிடுவார்கள், விடியும் வரை அத்தை மாமா பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரோடும் ஸ்பானிஷில்தான் வேலை. உங்கள் விடுப்புத் தேதியை நகர்த்த முடியும் என்றால் பிப்ரவரி கடைசியில் போய் மே மாதம் திரும்புகிற மாதிரி பாருங்கள்.